தலை தாழ்த்தும் முயல் என்ன கேட்கிறது?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

நாய் வளர்க்க இடமில்லாத கொழும்புத் தொடர்மாடி வீடுகளில், விறாந்தையின் ஒரு மூலையில் முயற்கூடு இருப்பது ஒன்றும் புதினமில்லை. தனித்திருக்கும் முயலைப் பார்த்து மனம் பொறுக்காதவர்கள் ஒருநாள் அதற்குத் துணையாக இன்னொன்றை வாங்கிவந்து, அதே கூட்டைத் திறந்து உள்ளே விட்டுவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் கூடு முழுவதும் ரோமம் பறந்து கிடக்கும். ஒன்றின் காது கிழிந்திருக்கும். இதை என்னிடம் சொல்பவர்கள், "இரவு ஒரு சத்தமும் கேட்கவில்லையே" என்று தவறாமல் சேர்த்துச் சொல்வார்கள்.

முயல் ஊரைக் கூட்டிச் சண்டையிடும் பிராணி அன்று. சிலவேளை ஒரு சிறு உறுமல், பின்னங்காலால் தரையில் ஓர் அடி, அவ்வளவுதான். மற்றவற்றையெல்லாம் காதும் வாலும் கழுத்துமே சொல்லிவிடும். வானொலியிலே படம் காட்ட இயலாது. உங்கள் வீட்டு முயலை மனக்கண்ணில் நிறுத்திக்கொண்டு கேளுங்கள்.

நாம் வளர்க்கும் முயல்களின் மூதாதையர் ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியக் காட்டுமுயல்கள். அவை வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. ஆனால் வேற்று முயல் எல்லைக்குள் வந்தால் விரட்டிக் கடிப்பவை. தாடையின் கீழே வாசனைச் சுரப்பி உண்டு. கூட்டுக் கம்பியிலும், சாப்பாட்டுக் கோப்பையிலும், உங்கள் கதிரைக் காலிலும் அந்தத் தாடையைத் தேய்த்துத் தேய்த்து அந்த மூலை முழுவதையும் தன்னுடையதாக்கி வைத்திருக்கும் முயலிடம் இன்னொன்றை நேரே கொண்டுபோய் விடுவது, சண்டைக்கு நாமே நாள் குறித்துக் கொடுப்பதாகும். முதலில் இரு கூடுகளையும், கம்பிக்கூடாகக் கடிக்க எட்டாத தூரத்தில், அருகருகே வைத்து, படுக்கைப் புல்லை மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றன் வாசம் மற்றதற்குப் பழகவேண்டும். அதன் பிறகு, இரண்டுமே கால்வைத்திராத ஓர் இடத்தில், குளியலறையிலோ அயல்வீட்டு விறாந்தையிலோ, சாக்கு ஒன்றை விரித்து அவற்றைச் சந்திக்கவிடலாம்.

அந்தச் சந்திப்பில் மிகுதியாகப் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது தலை தாழ்த்துவதுதான். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் பழைய கபிலநிற முயலையும் புதிய வெள்ளை முயலையும் சந்திக்கவிட்டோம். இரண்டும் மூக்கு முட்டுமளவுக்கு நெருங்கிவந்து, தாடையைத் தரையோடு ஒட்டிவைத்து அசையாமல் இருந்தன. ஆசிரியை பூரித்துப்போய், "பாருங்கோ தம்பி, இரண்டும் கும்பிடுதுகள். ராசியாகிட்டுதுகள்" என்றார். "கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர்" என்றேன். நமக்குத் தலை தாழ்த்துவது மரியாதை. முயலுக்கோ அது கட்டளை. "என் நெற்றியை நக்கிவிடு" என்று ஒன்று கேட்கிறது, மற்றதும் அதையே கேட்கிறது, கொடுப்பதற்குத்தான் ஆளில்லை. சிறிது நேரம் சென்றது. பக்கவாட்டில் தளர்ந்திருந்த கபில முயலின் காதுகள் மெல்லப் பின்னே போய்க் கழுத்தோடு ஒட்டின. வால் விறைத்து நிமிர்ந்தது. ஆசிரியை இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் தும்புத்தடியை இரண்டுக்கும் நடுவே நீட்டிய கணத்தில் கபில முயலின் பாய்ச்சல் தும்பில் வந்து விழுந்தது. கையை நீட்டியிருந்தால் கடி கைக்குத்தான். ஆகவே தும்புத்தடியோ தடித்த துவாயோ அருகில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம்.

காது பின்னே சாய்வது மட்டும் கோபமன்று; ஓய்ந்து படுத்திருக்கும் முயலின் காதும் பின்னேதான் சாய்ந்திருக்கும். காது ஒட்டியிருக்க, உடல் இறுகி, வாலும் நிமிர்ந்தால் உடனே பிரியுங்கள். மீண்டும் சொல்கிறேன்: காது, உடல், வால் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஒன்றன் வாலை மற்றது முகர்ந்தபடி வேகமாக வட்டமிடத் தொடங்கினாலும் காத்திருக்கவேண்டாம்.

அந்த வீட்டில் பின்னர் செய்தது இதுதான். இரண்டும் தலை தாழ்த்தியதும் ஆசிரியை இரு கைகளாலும் இரு நெற்றிகளையும் ஒரே நேரத்தில் தடவிக்கொடுப்பார். மற்றதே தன்னை நக்குகிறது என்று ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளும். நெற்றியில் சிறிது மசித்த வாழைப்பழம் தடவியும் பார்த்தார். சில வாரங்கள் சென்று வெள்ளை முயல் தானாகவே விட்டுக்கொடுத்து, கபில முயலின் கண்ணோரத்தை நக்கத் தொடங்கியது.

ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்துப் பிள்ளைகளை அப்பால் அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் யார் பெரியவர் என்பதை நிலைநாட்டும் செயல். பெண் முயலும் அதைச் செய்யும். சில விநாடிகள் விட்டுவிடலாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் இறக்கிவிடுங்கள், கீழிருப்பது கடித்தால் காயம் மறைவிடத்தில் படும்.

நல்ல அறிகுறிகள் சுவாரசியமற்றவை. ஒன்றையொன்று கவனியாமல் முகம் கழுவுவது, வல்லாரையைச் சேர்ந்து மெல்லுவது, திடீரெனப் பக்கவாட்டில் சரிந்து படுப்பது. இந்தச் சரிவைக் கண்டு மயக்கம் என்று பதறுபவர்கள் உண்டு. அது முழு நிம்மதி.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல நினைத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவை அனைத்துக்கும் முன்னரே கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் பேசுங்கள். சிகிச்சைக்குப் பின்னும் ஆண் முயலை 6 வாரங்கள் வரை பெண்ணிடமிருந்து பிரித்து வைக்கவேண்டும்; பெண்ணுக்குக் கர்ப்பகாலம் ஏறத்தாழ 30 நாட்களே, ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படவும் கூடும். முயலுக்கு வியர்ப்பதில்லை, ஆதலால் கொழும்பின் மதிய வெக்கையில் சந்திக்கவிடாமல் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். சோடி சேர்ந்த பின் ஒன்றுக்குச் சுகமில்லையென்றால் இரண்டையுமே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். தனியே போய் வேற்று வாசத்தோடு திரும்பும் முயலை, நெடுநாள் சோடியும் அந்நியன் என்று விரட்டக்கூடும். வணக்கம்.