புளி!

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டி என்றதும் உங்களில் பாதிப் பேருக்காவது சுண்ணாம்புப் பொடி வாசனை வந்திருக்கும். இருட்டோடு கிளம்பும் வேன், மடியில் புளிசாதப் பொட்டலம், சட்டைப் பையில் குளுக்கோஸ். குறுவட்டத்தில் ஜெயித்தால் வருவாய் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள். கபடி, கோ-கோ, பூப்பந்து போன்ற குழு ஆட்டங்கள் பெரும்பாலும் நாக் அவுட், ஒரு தடவை தோற்றால் வெளியே. நாலு மணிக்கு எழுந்து வந்த பிள்ளை பத்தரைக்கே தோற்றுப்போய் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரிக்கும். அதைப் பற்றித்தான் முக்கியமாகப் பேச வந்தேன், கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ரிலே, நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓடும் தொடர் ஓட்டம். என் பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இப்போதே சிரித்திருப்பார்கள். "சார் ஆரம்பிச்சுட்டார்!"

ஒரு கணக்கு. உசைன் போல்ட்டின் 100 மீட்டர் உலக சாதனை 9.58 விநாடி. நாலால் பெருக்கினால் 38.32. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் நாலு பேர் 4x100 ஓடி முடித்தது 36.84. நாலு போல்ட்டை விட வேகம்! எப்படி? முதல் ஆள்தான் நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறார். மற்ற மூவரும் வேகம் பிடித்த பிறகே பேட்டனை, அதாவது கை மாற்றும் கோலை, வாங்குகிறார்கள். திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்க வேண்டும். இன்றைய விதிப்படி 30 மீட்டர் எல்லைக்குள் கை மாறிவிட வேண்டும். ஆள் எங்கே இருக்கிறான் என்பதல்ல, பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே முதல் சுற்றிலேயே பேட்டனைத் தவறவிட்டன. அவர்களுக்கே அந்தக் கதி.

எங்கள் கதி இன்னும் வேடிக்கை. மண் டிராக். வருகிறவன் எந்த இடத்தைத் தாண்டினால் வாங்குகிறவன் கிளம்ப வேண்டும் என்று ஓர் அடையாளம் வைப்போம். எங்கள் கடைசி ஓட்டக்காரன் ஓரத்தில் கிடந்த ஒரு செருப்பை அடையாளமாக வைத்துக்கொண்டான். என்னிடம் சொல்லவில்லை. விசில் ஊதுவதற்குள் செருப்புக்குச் சொந்தக்காரர் வந்தார், மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்!

இவன் என்ன செய்வான்? காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கொடுக்கிறவன் "கை!" என்று கத்துவான், கேட்டதும் நீட்ட வேண்டும். பழகியதுதான். ஆனால் எல்லாப் பள்ளியும் "கை" என்றுதானே கத்தும்? பக்கத்து லேனில் யாரோ "கை" என்றான். நம்மாள் கையை நீட்டிக்கொண்டு பறந்துவிட்டான். பேட்டன் வைத்திருந்தவன் "டேய், நில்றா!" என்று பின்னாலேயே ஓடினான். கொடுத்தபோது எல்லை தாண்டிவிட்டது. அணி அவுட்.

வேனில் ஒருவரும் பேசவில்லை. பாதி வழியில் அந்தப் பையனே சொன்னான்: "சார், நமக்குன்னு வேற வார்த்தை வேணும் சார்." மடியில் பிரிக்காத புளிசாதம். அடுத்த ஆண்டு முழுக்க வராந்தாவில் சுருட்டிய செய்தித்தாளை வைத்துக்கொண்டு "புளி! புளி!" என்று பயிற்சி. கணக்கு டீச்சர் என்னோடு பேசுவதையே நிறுத்தினார். போட்டியன்று மற்ற பள்ளிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும், பேட்டன் மூன்று தடவையும் சுத்தமாகக் கை மாறியது. வேகமான பையன் என்று எங்களிடம் ஒருவன்கூட இல்லை. இரண்டாவதாக வந்தோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். பத்தரை மணிக்குத் தோற்ற பிள்ளைகள், சொன்னேனே! மைதானம் இருக்கிறது, நடுவர்கள் இருக்கிறார்கள். தோற்ற அணிகள் தங்களுக்குள் இன்னும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டும். கோப்பை வேண்டாம், மாலை வரைக்கும் ஆட்டம் இருந்தால் போதும். பெண்கள் கோ-கோ பற்றியும் எழுதி எடுத்து வந்தேன், அது... சரி, விளக்கு அணையப் போகிறது. வணக்கம்.