நனைத்த சுவரும் நம் தோலும்

வணக்கம் நேயர்களே.

வானொலியைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பவர்கள் ஒரு நிமிடம் கையைத் துடைத்துவிட்டு விரல் நுனிகளைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருக்கிறதா? மடிப்புகளில் வெடிப்பு ஓடியிருக்கிறதா? அந்த விரல்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

க்ரீம் விளம்பரங்களில் செராமைடு, செராமைடு என்று கேட்டிருப்பீர்கள். அது எங்கிருந்தோ வந்த புதுச்சரக்கு இல்லை. உங்கள் தோல் தினமும் தயாரிக்கிற கொழுப்பு. தோலின் மேலடுக்கில் செத்துப்போன செல்கள் பதினைந்து, இருபது வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றின் இடைவெளியை நிரப்பும் கொழுப்பில் ஏறக்குறைய பாதி செராமைடு; மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உடம்புக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடாமல் காப்பது இதுதான். பீட்டர் எலியாஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கல், கொழுப்பு சாந்து.

இதைப் பல வருடம் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கே அது மனதில் தைத்தது ஒரு கொத்தனார் வந்த அன்றைக்குத்தான்.

ஐம்பது வயதிருக்கும். இரண்டு உள்ளங்கையும் வெடித்து, சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எரிகிறது என்றார். ஈர சிமெண்டின் காரத்தன்மை தோலை அப்படி அரித்துவிடும். கையுறை போடச் சொல்லி, செராமைடு க்ரீமும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தார், பெரிய மாற்றமில்லை.

"எப்போ தடவுறீங்க அண்ணே?"

"குளிச்சு, சாப்பிட்டு, படுக்கப் போறப்ப தடவுவேன் டாக்டரம்மா."

கை கழுவின ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும் என்றேன். என்னையே பார்த்தார். "காஞ்ச சுவத்துல பூச்சு நிக்காதும்மா. தண்ணி அடிச்சுத்தானே பூசுவோம்?" என்றார்.

காரணம் இரண்டுக்கும் வேறு. காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். தோலிலோ, இருக்கிற ஈரத்தை க்ரீம் உள்ளேயே பிடித்து வைக்கும். ஆனாலும் அன்றிலிருந்து எல்லா நோயாளிகளுக்கும் அவர் சொன்னதைத்தான் முதலில் சொல்கிறேன். நனைத்த சுவரில் பூசுங்கள்.

அவர் அதோடு விடவில்லை. "இதுல கலவை என்ன கணக்கும்மா? ஒண்ணுக்கு நாலா, ஒண்ணுக்கு ஆறா?" என்று, சிமெண்டுக்கு மணல் கணக்குக் கேட்பதுபோல் கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! எலியாஸ் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், சுண்டெலிகளின் தோலில் கொழுப்பை அசிட்டோனால் நீக்கிவிட்டு, செராமைடை மட்டும் தடவிப் பார்த்தார்கள். தோல் தேறுவது தாமதமானது. கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலமும் சேர்த்துத் தடவியபோது அந்தத் தாமதம் இல்லை. ஆகவே டப்பாவில் செராமைடு என்ற பெயர் பெரிதாக இருப்பது போதாது; கூட்டாளிகளும் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி சோப்பு. இதை நான் சொல்லாமல் விடமாட்டேன். நம் தோலுக்கு இலேசான புளிப்புத்தன்மை உண்டு. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் அது 5-ஐ ஒட்டி; எண் ஏற ஏறப் புளிப்பு குறையும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10. அது அழுக்கோடு சாந்தையும் கொஞ்சம் அரித்துக்கொண்டு போகிறது. செராமைடை உருவாக்கும் நொதிகளுக்கும் அந்தப் புளிப்பு வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு விலையுயர்ந்த க்ரீம் தேடுகிறார்கள். எனக்கு வேதனையாக இருக்கிறது. அக்குள், தொடையிடுக்கு, பாதம், இந்த இடங்களுக்குச் சோப்பு போதும். கை கால்களுக்குத் தினமும் தேவையில்லை.

விலை கட்டுப்படியாகாதவர்கள் மனம் தளர வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லியில் செராமைடு கிடையாது. ஆனால் தண்ணீர் வெளியேறுவதை அது நன்றாகத் தடுக்கும். அதன் அடியில் தோல் தன் சாந்தைத் தானே குழைத்துக்கொள்ளும். அதுவும் ஈரத்தின் மேல்தான்.

குழந்தைகளுக்கு வரும் கரப்பான் என்ற அரிப்புத் தோல் நோய் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: அந்தக் குழந்தைகளின் தோலில் செராமைடு குறைவு. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி முடித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, உடனே க்ரீம் தடவுங்கள். நீர் வடிந்தாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். வணக்கம்.