பனிப்புயலில் நின்றவரும் நம் மணிக்கூண்டும்

(மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனில் புகைப்பட ஆர்வலர்கள் கூடிய மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பனி விழாத ஊரில் நின்று பனிப்புயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நமக்கு மழைக்குப் பஞ்சமில்லை, அதனால்தான் பேசுகிறேன்.

1893 பிப்ரவரி 22. நியூயார்க்கில் கடும் பனிப்புயல். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற கலைஞர் கைக் கேமராவோடு ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் காத்து நின்றார். பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு குதிரை வண்டி எதிரே வந்தது; எடுத்தார். பிறகு அந்தப் படத்தின் ஓரங்களை நிறையவே வெட்டிவிட்டு, வேண்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து அதே நகரின் ஃபிளாட்அயர்ன் கட்டடத்தைப் பனியில் எடுத்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னால் கரிய அடிமரம் ஒன்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பிரியும் இடத்தில் பனி அப்பியிருக்கிறது. ஊரே பேசிய அந்தப் பெரிய கட்டடம் பின்னால் வெளிறிய நிழலாக மிதக்கிறது. கட்டடத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் காற்றைத்தான் அவர் படமாக்கினார் என்பேன்.

அந்தக் கட்டடம் 1902-இல் முடிந்தது. நம் மணிக்கூண்டும் அதே 1902-இல்தான் முடிந்தது! செல்வர் சியா சென் இயோக், விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆட்சியாண்டுக்காக ஆண்டுக்கு ஓரடி என்று அறுபது அடி உயரத்தில் கட்டித் தந்தார். கட்டி முடிப்பதற்குள் மகாராணி மறைந்துவிட்டார். இன்று அதை நீலவானப் பின்னணியில், நடுப்பகலில், நேர் எதிரே நின்று எல்லோரும் எடுக்கிறோம். எல்லாப் படமும் ஒரே படம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

மழையில் எடுக்கலாமே என்றால், "மழையே படத்தில் தெரிவதில்லை, ஐயா" என்கிறார்கள் இளைஞர்கள். தெரியாதுதான். வெளிர் நிறச் சுவருக்கு முன்னாலும் வெள்ளை வானத்துக்கு முன்னாலும் மழைத்தாரை மறைந்துவிடும். கரிய பின்னணி வேண்டும். ஸ்டீக்லிட்ஸுக்கு அந்த அடிமரம் எப்படியோ, நமக்குச் சாலையோர மரங்கள் அப்படி. எதிரே வரும் காரின் விளக்கு மழைக்குப் பின்னால் இருந்தால் ஒவ்வொரு தாரையும் வெள்ளிக்கம்பி போல் எழும். ஷட்டர் முப்பதில் ஒரு நொடி என்றால் கோடாகும்; ஐந்நூறில் ஒரு நொடி என்றால் துளியாக நிற்கும். எனக்குக் கோடுதான் பிடிக்கும்.

ஒளியளவைக் கேமராவிடமே விட்டுவிடாதீர்கள். எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே அது பார்க்கும். பனி நாட்டில் வெண்மை கெடாமலிருக்க ஒளியளவை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுவார்கள்; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. நம் மழை வானமும் வெளுத்ததுதான். அது படச்சட்டத்தை நிறைத்தால் கோபுரம் இருண்டுபோகும். ஒரு ஸ்டாப் கூட்டிப் பாருங்கள்.

இனி, நான் இழந்த ஒரு படம். ஓர் அக்டோபர் மாலை, இடியும் மழையுமாக இருந்தது. குளிரூட்டிய காரிலிருந்து கேமராவோடு இறங்கி, கடைகளுக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையான ஐந்தடிக்கு ஓடினேன். நீல பிளாஸ்டிக் உறையைத் தலை வரை போர்த்தியபடி, மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டும் ஒரு திரிஷாக்காரர் மணிக்கூண்டைச் சுற்றி வந்தார். சக்கரம் தண்ணீரைப் பிளந்த இடத்தில் மஞ்சள் விளக்கொளி இரண்டாக உடைந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தேன். எதிரே வெறும் பால்! சில்லிட்டிருந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிட்டது. துடைத்தேன், மீண்டும் படிந்தது. அவர் போய்விட்டார். பனி நாட்டிலும் இதே தொல்லைதான், ஆனால் தலைகீழாக: வெளியே குளிர்ந்த கேமராவை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவரும்போது படியும். அதனால் அவர்கள் உள்ளே வருமுன் கேமராவைப் பைக்குள் வைத்து இறுகக் கட்டிவிடுவார்கள். நாம் காரில் ஏறும்போதே அப்படிக் கட்டி, இறங்கிய பின் கால் மணி நேரமாவது பொறுத்துத் திறக்க வேண்டும். அன்றிலிருந்து என் கேமராவைக் குளிரூட்டியின் பக்கமே வைப்பதில்லை.

மின்னல் வெட்டும்போது பாடாங் திடலிலோ மரத்தடியிலோ யாரும் நிற்கக் கூடாது. இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தடிக்குள் நில்லுங்கள்.

இது மழைக்காலம். வருகிற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு பீச் ஸ்திரீட் முனை ஐந்தடியில் நின்றுகொண்டிருப்பேன். ஏழு மணி வரை இருப்பேன். வருகிறவர்கள் முக்காலி கொண்டுவர வேண்டாம். ஒரு பழைய துண்டு போதும்.