எடை நின்றுவிட்டதா? முதலில் மாத்திரைப் பெட்டியைத் திறங்கள்

வணக்கம் நேயர்களே.

மூன்று மாதமாக எடை குறைந்துகொண்டே வந்தது. நாலாவது மாதம் மெஷின் ஒரே எண்ணைக் காட்டுகிறது. இந்த இடத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை எதுவும் சாப்பிடாதவர் ஒரு வேளை விட்டால் பசிக்கும், அவ்வளவோடு போய்விடும். சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுகிறவர் விட்டால் மயங்கி விழலாம். அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரு விஷயம்தான். சோற்றைக் குறைப்பதற்கு முன்னால் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நடுநடுவே இதையே மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எடை நிஜமாகவே நின்றிருக்கிறதா என்று பார்ப்போம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு கிலோ வித்தியாசம் என்றால் அது கொழுப்பு இல்லை, தண்ணீர். முந்தின நாள் விருந்தில் ஊறுகாயும் அப்பளமும் அதிகம் போயிருந்தால் அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் பல பெண்களுக்கு ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். புதிதாக உடற்பயிற்சி தொடங்கியிருந்தால் தசையில் நீர் சேரும். அதனால் காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, காபிக்கு முன்னால், ஒரே மெஷினில், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். வாரம் மூன்று நாள் பார்த்து, சராசரியை நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை இடுப்பளவும் எடுங்கள். விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். நாலு வாரம் இரண்டுமே அசையவில்லை என்றால் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எடை நின்று இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்றால் அதை எடைப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். இதய நோய் உள்ளவர்களும், சுகருக்குப் பயோகிளிட்டசோன் சாப்பிடுகிறவர்களும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எடை ஏன் நிற்கிறது? உடம்பு இளைக்க இளைக்க அதற்குத் தேவையான சக்தியும் குறையும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. அது சுகர் மாத்திரை ஒன்றின் மூலமாகத்தான் தெளிவாகத் தெரியவந்தது. கானாகிளிஃபிளோசின் என்று ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட்டால் தினமும் ஏறத்தாழ 90 கிராம் சர்க்கரை சிறுநீரில் வெளியேறிவிடும். கணக்குப் பார்த்தால் 360 கலோரி. சாப்பிடுகிறவருக்கு இது தெரியாது. அவர் டயட் இருக்கவில்லை, யாரும் அவரைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. அப்படியென்றால் எடை மாதாமாதம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் இல்லையா? சில கிலோ இறங்கி நின்றுவிட்டது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹாலும் அவருடைய சகாக்களும் இந்த எடைக் கணக்கைப் பிரித்துப் பார்த்து 2016-ல் ஒரு விடை சொன்னார்கள். ஒரு கிலோ குறைந்தால் உடம்பின் செலவு நாளொன்றுக்கு 20, 30 கலோரிதான் குறைகிறது. பசியோ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அந்த நோயாளிகள் தங்களை அறியாமலே அதிகம் சாப்பிட்டிருக்கிறார்கள். எட்டுக் கிலோ குறைத்தவரை உடம்பு எவ்வளவு பலமாகப் பின்னுக்கு இழுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எடை நின்றவரைப் பார்த்து "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று வீட்டில் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, பெட்டியைத் திறப்போம். சுகர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா? பல அட்டைகளில் மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக இருக்கும். இந்த வகை மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லித் தள்ளும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. நீங்கள் 90 கிலோ இருந்தபோது, மூன்று வேளை சோறு சாப்பிட்டபோது எழுதிய அளவு அது. இப்போது 82 கிலோ, சோறு பாதி. அளவு மட்டும் அதேதான். என்ன ஆகும்? காலை பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும், அடங்காத பசி வரும். உடனே சர்க்கரை போட்ட காபி, நாலு பிஸ்கட், ஒரு வாழைப்பழம். காலையில் இரண்டு இட்லியைக் குறைத்து மிச்சம் பிடித்தது ஏறத்தாழ 120 கலோரி. பதினொரு மணிக்கு உள்ளே போனது 250-க்கு மேல். எடை எங்கே குறையும்? நோட்டில் "டயட் சரியாக இருக்கிறேன்" என்று எழுதியிருப்பார், அதுவும் பொய்யில்லை. பிஸ்கட்டை அவர் மருந்தாகத்தான் சாப்பிட்டார். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே சுழற்சிதான். லோ சுகர் வரும், அதற்காகச் சாப்பிடுவார்கள், சுகர் ஏறும், ஊசியின் அளவைக் கூட்டுவார்கள், எடை கூடும்.

இதை உடைக்க வழி இருக்கிறது. ஒரு வாரம் குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றில், பதினொரு மணிக்கு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், பிறகு நடுக்கம் வரும்போதெல்லாம் பாருங்கள். எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள். 70-க்குக் கீழே ஒருமுறை வந்தாலும் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போய், "எடை குறைத்திருக்கிறேன், சாப்பாடும் குறைத்திருக்கிறேன், இந்த மாத்திரையின் அளவு இன்னும் இவ்வளவு வேண்டுமா?" என்று கேளுங்கள். குறைப்பதும் மாற்றுவதும் அவர் வேலை. எடையைக் கூட்டாத சுகர் மாத்திரைகள் இருக்கின்றன. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதுவரை லோ சுகர் வந்தால்? 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி, தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. உங்கள் மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்திருந்தால் சாதாரணச் சர்க்கரையும் மிட்டாயும் சீக்கிரம் வேலை செய்யாது. சர்க்கரையைக் குடலில் உடைப்பதைத் தாமதப்படுத்துவதுதான் அந்த மருந்தின் வேலையே. குளுக்கோஸ் பொடி மட்டும்தான் உடனே ஏறும். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகள் சிலவற்றில் வோக்லிபோஸ் இருக்கும், சாப்பிடுகிறவருக்கே தெரியாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று: பிரஷருக்கோ இதயத்துக்கோ தரும் ப்ரோப்ரனலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகரில் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் மீட்டரில் பாருங்கள்.

முதலில் சொன்ன கானாகிளிஃபிளோசின் வகையைச் சேர்ந்த டாபாகிளிஃபிளோசின், எம்பாகிளிஃபிளோசின் சாப்பிடுகிறவர்கள் நாள் முழுக்க விரதமோ, மாவுச்சத்தையே ஒதுக்கும் டயட்டோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம். மீட்டரில் சுகர் அவ்வளவு அதிகம் காட்டாது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பிரஷர் மாத்திரைக்கு வருவோம். எடை குறைந்தால் பிரஷரும் இறங்கும், நல்லதுதான். ஆனால் பழைய அளவு மாத்திரை அதிகமாகிவிடும். கட்டிலிலிருந்து எழும்போது தலை சுற்றினால், உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தண்ணீர் எடையைக் குறைக்கலாம் என்று சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறவர்கள் கவனியுங்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பொட்டாசியம். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் அது இதயத் துடிப்பையே குழப்பிவிடும். மனநலப் பிரச்சினைக்குத் தரும் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் திடீரென உப்பைக் குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். எடை குறையட்டும் என்று ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டால் இதயத் துடிப்பு தடுமாறும், எலும்பும் தேயும்.

எடையைக் கூட்டும் மருந்துகள் வேறு சில: பிரெட்னிசோலோன், அமிட்ரிப்டிலின், ஒலான்சபின், வால்ப்ரோயேட், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசின், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின். உங்கள் பெட்டியில் இவற்றில் ஒன்று இருந்தால் எடை நின்றது உங்கள் தவறு அல்ல. மாற்று உண்டா என்று கேளுங்கள். கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன், நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. வால்ப்ரோயேட்டைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். நீண்ட நாள் சாப்பிட்ட பிரெட்னிசோலோனை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் பார்த்த பிறகுதான் தட்டு. எண்ணெய் பாட்டிலில் வாங்கிய தேதியை எழுதுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர்தான் கணக்கு. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 45 கலோரி இருக்கிறது. சோற்றை ஒரு கரண்டி குறைத்தால் அந்த இடத்தில் ஒரு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது மீன் வையுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசெனோகுமரால் சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நடையோடு வாரம் இரண்டு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள், மூன்று சுற்று. தசை கரையாமல் இருக்க அது தேவை. மூலிகை என்று விற்கும் இளைக்கும் பொடிகள் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் 2011-ல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து அப்படிப்பட்ட பொடிகளில் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செமாகுளுடைடு ஊசி பற்றி 2021-ல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. அதிலும் கடைசி வாரங்களில் எடை நிலைத்துவிட்டது. நின்றுவிட்டதே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது நாலு வாரம் வேண்டும். கிளிமிபிரைடோ இன்சுலினோ கூடவே இருந்தால் அவற்றைக் குறைக்க வேண்டுமா என்று முதல் ஊசிக்கு முன்பே கேளுங்கள். மேல்வயிற்றில் விடாத வலி, அது முதுகுக்கும் போகிறது என்றால் அடுத்த ஊசி போடாமல் உடனே மருத்துவமனை. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு.

வணக்கம்.