முகத்துவாரம் வெட்டும் முன்

அவையோருக்கும் முன்வரிசையில் இருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

மாரியில் மட்டக்களப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதா, பொறுப்பதா? வேளாண்மை நீரில் மூழ்கிக் கிடக்கும், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை விவசாயி "இன்றைக்கே வெட்டுங்கள்" என்பார். மீனும் இறாலும் கடலோடு போய்விடுமே என்று வாவியை நம்பிய மீனவர் கலங்குவார். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் அந்தத் தண்ணீரும் வாவிக்கு வந்து கணக்கே மாறிவிடும். வெட்டுவது ஓரிடத்தில், அதன் பலன் போய்ச் சேருவது பத்து இடங்களில். முறைமைச் சிந்தனை என்று நாங்கள் வகுப்பில் கற்பிப்பது இதைத்தான்.

ஆனால் நெருக்கடி வந்தால் பல்கலைக்கழகங்கள் அதை மறந்துவிடுகின்றன. நோய் என்றால் ஒரு பிரிவு, வெள்ளம் என்றால் இன்னொரு பிரிவு, எரிபொருள் என்றால் மற்றொன்று.

2020 மார்ச்சில் வளாகங்களை மூடி, வகுப்புகளை இணையவழிக்கு மாற்றினோம். அன்று வேறு வழி இருக்கவில்லை. 2022இல் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் இல்லாமற் போனபோது அதே மருந்தை மறுபடியும் கொடுத்தோம். அந்த மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரம் நின்றால் சற்று நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் அடங்கிவிடும். வாகரைப் பக்கத்து மாணவி ஒருத்தி பிறகு தன் கொப்பியை என்னிடம் காட்டினாள். திகதி, தலைப்பு, ஏழெட்டு வரிகள். அதன் கீழே சிவப்பு மையில் "கரண்ட் போய்விட்டது". பக்கத்துக்குப் பக்கம் அப்படியே. என்னால் அந்தக் கொப்பியை மறக்க முடியவில்லை.

1950களில் அமெரிக்காவில் ஜே ஃபொரெஸ்டர் என்ற பொறியியலாளரிடம் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் தொழிற்சாலையில் சில காலம் வேலை குவியும். சில காலம் ஆட்களை நிறுத்த வேண்டிவரும். சந்தைதான் காரணம் என்று நம்பினார்கள். தாளும் பென்சிலுமாகக் கணக்கிட்ட ஃபொரெஸ்டர், ஆட்களைச் சேர்க்கவும் சரக்கை இருப்பு வைக்கவும் அவர்களே எடுத்த முடிவுகளுக்குள் அந்த ஏற்ற இறக்கம் பிறப்பதைக் கண்டார்.

நம் கதையும் அதுதான். 2022ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது. புதிய வரியை எதிர்த்து விரிவுரையாளர்கள் விடைத்தாள் திருத்தாமல் விலகி நின்றோம். பெறுபேறு செப்டம்பரில்தான் வந்தது. போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் திருத்தப்படாமல் கிடந்த தாள்கள் நாளை நம் மண்டபத்தில் வந்து உட்கார வேண்டிய பிள்ளைகளுடையவை. ஏற்கெனவே பிந்தியிருந்த அவர்களின் அனுமதி இன்னும் பிந்தியது. நாம் வெட்டிய வாய்க்கால் நம் வாசலுக்கே தண்ணீரைக் கொண்டுவந்தது.

பீடாதிபதிகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாரிக்கு முன் கூடும் அனர்த்தக் கூட்டத்தில் விடுதிச் சமையற்காரருக்கும் பஸ் சாரதிக்கும் கதிரை போடுங்கள். வளாகத்தை மூடுவதா இல்லையா என்று பேசத் தொடங்கும் முன், எரிவாயு இன்னும் எத்தனை நாளைக்கு வரும், எந்தத் தாம்போதியில் தண்ணீர் முதலில் ஏறும் என்று அவர்களிடம் கேளுங்கள்.