பொதிகைக்குப் போகிற முதல் நாள்

நேயர்களுக்கு வணக்கம். மலை ஏறுகிறவர்களைக் கேட்டால் சிகரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் இன்றைக்கு அகத்தியர் மலைக்கு, அதாவது நம் பொதிகைக்குப் போகிற மூன்று நாள் நடையில் முதல் நாளைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன், ஏனென்றால் என்னைக் கேட்டால் அதுதான் நல்ல நாள்.

அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு, விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்குப் பொதிகையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1,868 மீட்டர், தமிழ்நாடு கேரளா எல்லையில் நிற்கிறது. ஆனால் ஏற வேண்டும் என்றால் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை, பாலோடு, விதுரை என்று ஊரைச் சுற்றி, கேரளப் பக்கத்தில் இருக்கிற போனக்காடு போய்ச் சேர வேண்டும். காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி வழியாகப் போகிற நம் பக்கத்துப் பழைய பாதை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, பொதுமக்களை விடுவதில்லை. நம்ம மலைக்கு நாமே அடுத்த மாநிலம் வழியாகவா என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது இல்லை. தாமிரபரணி பிறக்கிற பூங்குளம் நம் பக்கத்து அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. மலையேற வழி வேண்டுமா, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் நான் தண்ணீர்ப் பக்கம்.

சரி, போனக்காடு. பழைய தேயிலைத் தோட்டம், பூட்டிக் கிடக்கிற தொழிற்சாலை. வனத்துறைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், பீடி சிகரெட், மது எதுவும் உள்ளே போகாது. அதற்கப்புறம் அதிருமலை முகாம் வரை பதினைந்து கிலோமீட்டர் அளவுக்கு நடை. தொடக்கம் பெரும்பாலும் நிழல்தான், ஏற்றமும் பெரிதாக இல்லை, அதனால்தான் எல்லோரும் இங்கே ஓட்டமாக ஓடிவிட்டு மத்தியானம் மூச்சு வாங்க உட்காருகிறார்கள். கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஒவ்வொரு ஓடையாகக் குறுக்கே வரும். ஒவ்வொன்றிலும் காலை நனைத்து, பாட்டிலை நிரப்பிக்கொண்டு, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள்தான் சாயங்காலம் சிரித்த முகத்தோடு முகாமுக்கு வருகிறார்கள். ஈரமான இடத்தில் அட்டை ஏறும், பிடுங்கி எறியாமல் கொஞ்சம் உப்பைத் தொட்டு வையுங்கள், தானாக விழுந்துவிடும்.

மத்தியான வாக்கில் காடு சட்டென்று முடிந்து புல்மேடு வரும். ஏழுமடக்கன் தேரி. தேரி என்றால் இங்கே மணல்மேடு இல்லை, ஏற்றம். பெயருக்கு ஏற்ற மாதிரி மடங்கி மடங்கிப் போகிற பாதை, தலைக்கு மேலே ஒரு இலை கிடையாது. பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் அனுமதி கொடுக்கிறார்கள், குளிர்காலம்தானே என்று தொப்பியை விட்டுவிட்டு வருகிறவர்களை அந்த வெயில் உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். ஆனால் முதல் தடவையாகச் சிகரம் முழுசாகத் தெரிவது இந்த மேட்டில்தான், அந்த வெயிலிலும் நின்று பார்க்காமல் யாரும் போனதில்லை. மறுபடி காடு, ஈத்தை என்கிற நாணல் மூங்கில் புதர், பாதையிலேயே யானைச் சாணம். புதிதாகக் கிடந்தால் வழிகாட்டி பேச்சை நிறுத்தச் சொல்லுவார், நிறுத்திவிடுங்கள். கடைசியாக முட்டிடிச்சான் தேரி. விளக்கம் தேவையில்லை, ஏறும்போது புரிந்துவிடும்.

இந்த இடத்தில் புலம்பல் வரும்போதெல்லாம் எனக்கு ஜான் ஆலன் ப்ரூன் நினைவுக்கு வருவார். திருவனந்தபுரம் வானாய்வு நிலையத்தின் இயக்குநர். 1850களில் இந்த மலை உச்சியிலேயே ஓர் ஆய்வு நிலையம் கட்டினார். கருவிகளையெல்லாம் இந்தக் காட்டு வழியில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது, நாம் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு அழுகிறோம்.

அதிருமலையில் சூடான கஞ்சியும் பயறும் கிடைக்கும். மறுநாள் பொங்காலைப் பாறை தாண்டி, கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறி உச்சிக்குப் போகலாம். அங்கே அகத்தியர் சிலை, காற்று, பல நாளும் மேகம். நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேகம் மூடிவிட்டால் கீழே ஒன்றும் தெரியாது. முதல் நாள் காட்டுக்கு அந்தக் கவலையே இல்லை.

பெண் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பு பெண்களுக்கு அனுமதி கிடையாது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தடையில்லை என்று தீர்ப்பளித்து, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறிக் காட்டினார். ஆகவே வீட்டில் யாராவது அங்கே பெண்கள் போகக்கூடாது என்று சொன்னால், அது பழைய கதை.

அனுமதிச் சீட்டுக்கு ஜனவரியில் இணையத்தில் பதிய வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் முட்டிக்கான பயிற்சியை இப்போதே ஆரம்பியுங்கள். ஜிம் எல்லாம் வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை பண்பொழி திருமலைக் கோயில் படி ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன், மூன்றாம் நாள் வலிப்பது அதனால்தான். வணக்கம்.