"என்ன காரணமாம்?"

நேயர்களுக்கு வணக்கம்.

துக்க வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்பார்: "என்ன காரணமாம்?" பதிலும் தயாராக இருக்கும். கடன். பரீட்சை. காதல். குடி. ஒரே சொல்தான். கேட்டவர் தலையாட்டிவிட்டு உள்ளே போவார். தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது பல வருஷமாக என் வேலை. அந்த ஒற்றைச் சொல் மட்டுமே காரணமாக இருந்த ஒரு வீட்டையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவு கடனோடு எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கத்தும்போது, "உள்ள வாங்க, உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்ல இன்னொரு ஆள் அந்த வீட்டில் இருந்தாரா? வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

எமில் துர்கைம் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1897ல் இதைத்தான் புள்ளிவிவரங்களோடு எழுதினார். தனிமனிதரின் கடைசி முடிவு போலத் தெரிகிற ஒன்று, ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு ஒரு சீரான விகிதத்தில் நடக்கிறதே, அது எப்படி என்று கேட்டார். உறவுப் பிணைப்பு தளர்ந்த இடத்தில் விகிதம் கூடுகிறது என்பது அவர் கண்டது. பொருளாதாரம் சரியும்போது கூடுவது யாருக்கும் புரியும். திடீரென்று செழிப்பு வரும்போதும் கூடுகிறது என்றார் அவர். வாழ்க்கையின் பழைய அளவுகோல்கள் கைவிட்டுப் போவதுதான் இரண்டிலும் பொதுவானது. அவருடைய கணக்குகளில் ஓட்டைகள் உண்டு, பின்னால் வந்தவர்கள் நிறையவே திருத்தியிருக்கிறார்கள். ஆனால் கேள்வி பழசாகவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ல் சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம் பேர் இப்படி இறந்தார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்ந்தவர்கள். மனநோய் ஒரு முக்கியமான காரணி, அதை நான் மறுக்கவில்லை. மருந்தும் மருத்துவரும் வேண்டும். ஆனால் மருத்துவரைப் பார்க்கப் போனால் வெளியே தெரிந்துவிடுமே என்று தடுப்பது நோயல்ல, நாம்தான். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்கிறோமே, அந்த நாலு பேர்.

நம் சொல்லிலேயே பாருங்கள், தற்'கொலை'. இறந்தவரைக் கொலையாளியின் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறோம். சட்டமும் அப்படித்தான் பார்த்தது. இங்கிலாந்தில் 1961 வரை இது குற்றம். பிழைத்து வந்தவர்மேல் வழக்கு வேறு!

ஊடகத்தில் உட்கார்ந்துகொண்டு இதையும் சொல்லாமல் போகக்கூடாது. வியன்னா நகரில் 1980களில் ஒரே விதமான சாவுகள் அடுத்தடுத்து நடந்தன. எந்த விதம் என்று நான் சொல்லப்போவதில்லை, ஏன் என்பது உங்களுக்கே புரியும். பத்திரிகைகள் பெரிய தலைப்புகளில் அவற்றை வர்ணித்தன. 1987ல் நிபுணர்கள் வழிகாட்டு நெறிகளை வகுத்துக் கொடுத்தார்கள், பத்திரிகைகளும் அடக்கி எழுதத் தொடங்கின. அந்த வகைச் சாவுகள் சில மாதங்களிலேயே பெருமளவு குறைந்தன.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஜெரோம் மோட்டோ என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மனநல மருத்துவர். மன அழுத்தத்தாலோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பிய பின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்று விட்டவர்கள் 843 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. இன்னொரு குழுவுக்குக் கடிதம் போனது. இரண்டு மூன்று வரிதான்: நீங்கள் போய் நாளாயிற்று, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள். அவ்வளவே. மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற விசாரணை இல்லை, வந்து பாருங்கள் என்ற கட்டளை இல்லை. முதலில் மாதம் ஒன்று, பிறகு இடைவெளி விட்டு, ஐந்து வருஷத்துக்கு. முதல் இரண்டு வருஷங்களில் கடிதம் பெற்றவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. பிற்காலத்தில் இதே மாதிரி நடந்த சில ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எதையும் திருப்பிக் கேட்காத ஒரு விசாரிப்புக்கு இருக்கிற பலத்தை நான் என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

நாம் விசாரிக்கும் விதமே வேறு. "உனக்கு என்ன குறை?" என்போம். அது கேள்வியா? வாயை அடைக்கும் வழி. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டதும் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையில் ஓர் ஆசுவாசம் இருக்கும். கேட்டுவிட்டு உடனே அறிவுரையில் இறங்கிவிடாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். அன்றிரவு அவரைத் தனியாக விடவேண்டாம், மறுநாள் மருத்துவரிடம் கூடவே போங்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இந்த உரை முடியும்வரை காத்திருக்காதீர்கள். வானொலியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடமோ உங்கள் பகுதியின் உதவி எண்ணிலோ இப்போதே பேசுங்கள்.

எனக்கு ஒரு பழைய நண்பர். வேலை போனபின் யாரையும் பார்ப்பதில்லை. முதலில் வாரம் மூன்று முறை போன் செய்து, இன்டர்வியூவுக்குப் போனியா, அது ஆச்சா, இது ஆச்சா என்று நானே அவரைத் துளைத்தெடுத்தேன். எடுப்பதை நிறுத்திவிட்டார். அப்புறம்தான் புத்தி வந்தது. இப்போது மாதம் ஒருமுறை ஒரு செய்தி மட்டும் அனுப்புகிறேன். "உன்னை நினைச்சேன். பதில் போட வேண்டாம்." ஒன்றரை வருஷமாகிறது, பதில் வந்ததே இல்லை. சில சமயம் அன்றே, சில சமயம் நாலு நாள் கழித்து, இரண்டு நீல டிக் விழும். அடுத்தது வரும் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.

வணக்கம்.